நூற்று முப்பதாம் நாள்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. ஊரில் இருந்திருந்தால் விடியற்காலையிலேயே மாவிளக்குக்கு இடித்து முடித்திருப்பேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வால்தம் என்ற ஊரில், மகள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தை. கிளம்பியது கோயிலுக்கும் இல்லை. ஒரு காய் பிறந்த ஊரைப் பார்ப்பதற்கு.

"இதுக்காக யாராவது கார் எடுத்துட்டுப் போவாங்களாம்மா?" என்றாள் மகள்.

"ஆப்பிள் தோட்டமெல்லாம் அந்தப் பக்கந்தானுங்க அத்தை. அப்படியே பார்த்துட்டு வந்தர்லாம்" என்று மாப்பிள்ளை சாவியை எடுத்தார். கோயம்புத்தூர்க்காரர். மாமியார் கேட்டதற்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அவர் முகத்துக்காக மகளும் ஏறிக்கொண்டாள்.

இந்தப் பயணத்தின் வித்து மே மாதம் விழுந்தது. ஏப்ரல் 24ஆம் தேதி பாஸ்டனில் வந்து இறங்கியபோது விமான நிலையத்து அதிகாரி ஆறு மாதம் தங்க அனுமதி தந்தார். இரண்டு வாரத்திலேயே கை நமநமத்தது. மன்னார்குடி வீட்டுக் கொல்லையில் நாற்பது வருஷம் மண்ணைக் கிளறிய கை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுவதையே ஒரு பொழுதாக எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்? ஆணி, திருப்புளி விற்கும் கடைக்கு மகளோடு போனபோது, ஓரத்தில் விதைப் பாக்கெட்டுகளைச் சுழலும் தட்டியில் மாட்டி வைத்திருந்தார்கள். ஒன்றில், கழுத்து நீண்ட சொம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி சந்தன நிறத்தில் ஒரு காய். மேலே 'வால்தம் பட்டர்நட்' என்று பேர்.

"வால்தம்னா இந்த ஊரா?"

மகள் அந்த ஊரில் ஐந்து வருஷமாக இருக்கிறாள். போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, இந்த ஊர்தான்" என்றாள், ஏதோ தன் வீட்டிலேயே ஓர் அறை புதிதாக அகப்பட்டதுபோல.

வாங்கி வந்த மறுநாளே வெயில் அடித்தது. குழி எடுத்தேன். பரங்கி போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் அல்லவா? முழங்கை ஆழம் குழி, அடியில் மக்கிய எரு, நடுவில் மூன்று விதை, சொம்புத் தண்ணீர். பன்னிரண்டு நாள் ஆயிற்று, ஒன்றும் தலை காட்டவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை கொழகொழவென்று அழுகிக் கிடந்தது.

பக்கத்து வீட்டில் எண்பது வயது இத்தாலியப் பெரியவர் ஒருவர். அவருடைய அப்பா காலத்திலேயே கப்பலேறி வந்த குடும்பம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வந்து குனிந்து, "கையை வையுங்கள்" என்று மண்ணைக் காட்டினார். வைத்தேன். மேலே வெயில் சுட்டாலும், விரல் உள்ளே போனதும் தயிர்ப் பானையைத் தொட்ட மாதிரி சில்லென்றிருந்தது. பதினாறு டிகிரியாவது மண்ணில் சூடு வேண்டும், இருபதைத் தாண்டினால்தான் இந்த விதைக்குச் சந்தோஷம் என்றார். போரில் இறந்த வீரர்களை நினைத்து மே மாதக் கடைசித் திங்களன்று இங்கே ஒரு விடுமுறை உண்டு. அது கழியாமல் பூசணி வகை எதையும் மண்ணில் வைக்கக் கூடாதாம். அப்புறம் என் குழியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இங்கே குழி இல்லை, மேடு. மண்ணைக் கூட்டிக் குவித்து, அதன் தலையில் விதைக்க வேண்டும். மேட்டு மண் சீக்கிரம் சூடேறும், மழைத் தண்ணீர் வடிந்துவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும்தான். நாங்கள் குழி தோண்டுவது தண்ணீர் ஓடிப் போகாமல் பிடித்து வைக்க. இவர்கள் மேடு கட்டுவது சூட்டைப் பிடித்து வைக்க. ஆடிப்பட்டம் தேடி விதை என்று வாய் ஓயாமல் சொல்லி வளர்ந்தவள் நான். செடி எனக்குத் தெரிந்த செடிதான், பட்டம்தான் தெரியாமல் போயிற்று.

மே 28, புதன்கிழமை, மேட்டின் மேல் ஒரு விரற்கணு ஆழத்தில் ஆறு விதை. எட்டாம் நாள் முளை வந்தது. நல்லதாக இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினேன். விதைத்த அன்றிலிருந்து மகள் வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் எண்களைக் குறித்து வந்தேன். பாக்கெட்டில் நூற்றுச் சொச்சம் நாள் என்று போட்டிருந்தது. என் பாஸ்போர்ட்டில் அக்டோபர் 23. ஊருக்குத் திரும்ப டிக்கெட் 18ஆம் தேதிக்கு. நடுவே பனி விழும் நாள் ஒன்று உண்டு, அதை யாரும் அச்சடித்துத் தரவில்லை. அதனால் பட்டர்நட் பிறந்ததாகச் சொல்லும் ஸ்டோ என்ற ஊருக்குக் கிளம்பிய அன்று எனக்குத் திதி, நட்சத்திரத்தோடு இன்னொரு கணக்கும் தெரியும்: விதைத்து நூற்று முப்பதாம் நாள்.

காரை முதலில் பீவர் தெருவுக்கு விடச் சொன்னேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சிப் பண்ணை இருந்த இடம். வால்தம் என்றால் ஊரார் கடிகாரத்தைச் சொல்வார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர்த் தொழிற்சாலைக் கடிகாரம் அவ்வளவு பேர் வாங்கியது. காயைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. இங்கே ராபர்ட் யங் என்ற ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து திருத்திய ரகம்தான் வால்தம் பட்டர்நட். 1970இல் அமெரிக்க அளவில் புது ரகங்களுக்குத் தரும் விருதும் அதற்குக் கிடைத்தது.

அவர் என்ன திருத்தினார் என்பதைக் கழுத்தைப் பார்த்தால் புரியும். அதற்கு முந்தைய பட்டர்நட்டுகளுக்குப் புத்தி நிலையாக இருக்காது. ஒரே கொடியில் ஒரு காய் நேராக வரும், இன்னொன்று வாத்துக் கழுத்துபோல் வளைந்து பாட்டன் முகத்தைக் காட்டும். வளைந்த கழுத்து வண்டியில் அடுக்க வராது, முறிந்துபோகும். யங் அந்தக் கழுத்தை நிமிர்த்தினார், தடிக்க வைத்தார், காய்க்குக் காய் ஒரே அச்சாக வரச் செய்தார். சமைக்கிறவளாகச் சொல்கிறேன், இந்தக் காயின் லாபமே கழுத்தில்தான். விதை முழுக்க அடிக்குமிழில் அடங்கிவிடும். கழுத்து முழுதும் கெட்டிச் சதை. நம் பரங்கியில் பாதி நேரம் குடலை வழித்துப் போடுவதிலேயே போய்விடும்.

பண்ணை நிலத்தில் இப்போது சமூகப் பண்ணை ஒன்று நடக்கிறது. சனிக்கிழமை காலையில் சேறு படிந்த பூட்ஸோடு நாலைந்து இளவட்டங்கள் கீரைக் கூடைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் வாடத் தொடங்கிய கொடிகளுக்கு இடையே சந்தன நிறக் குமிழ்கள் தெரிந்தன. மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். மகள் காரைவிட்டு இறங்கவில்லை.

அங்கிருந்து 117ஆம் எண் சாலை மேற்கே போகிறது. ஸ்டோவுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். வெஸ்டன், லிங்கன் என்று ஊர்கள் வருவதே தெரியவில்லை, மரங்கள்தான் வந்துகொண்டிருந்தன. மேப்பிள் இலைகள் நுனியில் மட்டும் சிவந்திருந்தன, மருதாணி முழுதாகப் பிடிக்காத விரல்போல. லிங்கனில் வலப்பக்கம் திரும்பினால் வால்டன் குளம். ஹென்றி டேவிட் தோரோ குடிசை போட்டுத் தனியே இருந்த இடம். அவரை நம்மூரில் காந்தியோடு சேர்த்துத்தான் அறிமுகம் செய்வார்கள். எனக்கு அவரிடம் வேறு சம்பந்தம். அரசாங்கத்தின் காப்புரிமை அலுவலகம் அப்போதெல்லாம் குடியானவர்களுக்கு விதை அனுப்பும். அங்கிருந்து வந்த மஞ்சள் பூசணி விதை ஆறை 1857இல் தோரோ கான்கார்டில் ஊன்றினார். இரண்டே முளைத்தன. ஒரு கொடியில் காய்த்த ஒற்றைக் காய் 123½ பவுண்டு, நம் கணக்கில் 56 கிலோ. அது பொருட்காட்சியில் பரிசு வாங்கியது. மற்றதில் நாலு காய், சேர்த்து நிறுத்தால் 186¼ பவுண்டு. காட்டில் தவம் இருந்த மனுஷன் அந்தக் கால் பவுண்டைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறார் பாருங்கள். கொல்லையில் காய் பறித்தவர்களுக்கு அந்தக் கால் பவுண்டின் பெருமை தெரியும்.

குளத்துக்குத் திரும்பவில்லை. மகள், "அது இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டாள்.

பேச்சு கொடிக்கே வந்தது. ஜூன் முழுக்க அது அசையாமல் கிடந்தது, ஜூலையில் பேய் பிடித்தது. ஒரே வாரத்தில் புல்தரையைத் தாண்டி, மாப்பிள்ளை இறைச்சி சுடும் அடுப்பின் காலைச் சுற்றிக்கொண்டது. முதலில் பத்து நாளைக்கு வெறும் ஆண் பூ. காய் பிடிக்கவில்லையே என்று மகள் கவலைப்பட்டாள். "ஆம்பளைங்க முன்னாடி வந்து பந்தி பார்த்துட்டு நிப்பாங்க, பொண்ணு வீடு அப்புறம்தான் வரும்" என்றேன். பெண் பூவுக்கு அடியில் சுண்டு விரல் அளவில் அதே சொம்பு வடிவப் பிஞ்சு இருக்கும், பூக்கும் முன்பே.

பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறினால் சுருண்டுவிடும். அதற்குள் தேனீ வர வேண்டும். அதற்கென்றே இங்கே ஒரு தேனீ இருக்கிறது, பூசணிப் பூவைத் தவிர வேறெதிலும் மகரந்தம் சேர்க்காதாம். கூட்டம் கிடையாது, கூடு மரத்தில் கிடையாது, தரையில் வளை தோண்டித் தனித்தனியாக வாழும். சாதாரணத் தேனீ எழும் முன் இருட்டோடு வந்து வேலையை முடித்துவிடும். ஆணுக்கு வீடே இல்லை. வேலை முடிந்ததும் வாடும் பூவுக்குள் படுத்துக்கொள்ளும், இதழ் அதன் மேல் மூடிக்கொள்ளும். பெரியவர்தான் காட்டினார். பத்து மணிக்கு மேல் சுருண்ட பூ ஒன்றை விரலால் மெல்ல அழுத்தினார். உள்ளேயிருந்து கிர்ர் என்று கோபமாக ஒரு சத்தம்.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் எனக்கு ஆசை வந்தது. வாசல் சிமெண்டுப் படியில் அரிசி மாவால் சின்னக் கோலம் போட்டு, ஓர் உருண்டை எருமண் பிடித்து, அதில் பூவைச் செருகினேன். மார்கழியில் செய்வதை ஆடியில் செய்கிறோமே என்று உறுத்தியது. ஆனால் இங்கே மார்கழியில் பூ எங்கே, வாசல் எங்கே? இரண்டும் பனிக்குள் இருக்கும். பூ பறிக்கும்போது கை தானாகவே நீளக் காம்புப் பூவைத்தான் தேடியது. பிஞ்சு வைத்த பூவைக் கோலத்துக்குப் பறித்தால் என் மாமியார் விரலிலேயே அடிப்பார். தாவரவியல் அவருக்குத் தெரியாது, எது காயாகும், எது ஆகாது என்பது தெரியும். பெரியவர் வேலி வழியே பார்த்துவிட்டு, "நாங்கள் இதற்குள் பாலாடைக்கட்டியை வைத்து மாவில் தோய்த்துப் பொரிப்போம், நீங்கள் தரையில் வைக்கிறீர்களே" என்று வருத்தப்பட்டார். மறுநாள் நாலு பூ பறித்துக் கொடுத்தேன். பஜ்ஜியாக இரண்டு திரும்பி வந்தது.

அவருக்கு அந்த மாதம் ஒரு சோகம். அவருடைய சுக்கினிக் கொடிகள் ஒரே பகலில் தலை கவிழ்ந்துவிட்டன. அடித்தண்டில் ஓட்டை, ஓட்டை வாயில் மரத்தூள்போல் எச்சம். தண்டுத் துளைப்பான். அந்துப்பூச்சிதான், ஆனால் ஆரஞ்சு வயிறோடு குளவி வேஷம் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் திரியும். அடித்தண்டில் முட்டையிடும், புழு உள்ளே போய்க் குடைந்துவிடும். பத்தடி தள்ளி என் கொடி ஒன்றும் ஆகாமல் நின்றது. பட்டர்நட்டின் தண்டு உள்ளே பொள்ளல் இல்லாமல் கெட்டியாக இருப்பதால் புழுவால் எளிதில் குடியேற முடிவதில்லை. அவர் கத்தியால் தண்டைக் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, கீறிய இடத்தில் மண்ணைப் போட்டு மூடி, என் கொடியை ஒரு பார்வை பார்த்தார். அன்று முழுக்க நான் அவர் கண்ணில் படாமல் நடமாடினேன்.

மேனார்டு வந்தது. பெரிய செங்கல் ஆலைக் கட்டடம், முன்னால் குளம். கம்பளித் துணி நெய்த ஆலை, பிறகு டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்தின் தலைமையிடமாக இருந்தது. அதைக் கேட்டதும் மகள் முதல் முறையாக ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

அதைத் தாண்டினால் ஸ்டோ. சாலை ஓரம் வெள்ளை மரப்பலகை வீடுகள், கல்வேலி, ஆப்பிள் தோட்டத்துக்கு வழி காட்டும் அம்புக்குறிகள், அந்த அம்புக்குறிகளைப் பிடித்து வந்த நூற்றுக்கணக்கான கார்கள். நான் தேடி வந்தது சார்லஸ் லெகெட் என்பவரின் ஊரை. வேளாண்மை படித்தவர் இல்லை. 1940களின் நடுவில் இந்த ஊர் நிலத்தில் அவர், வளைந்த கழுத்துக்காரப் பூசணி ஒன்றையும் ஹப்பர்டு என்ற பெரிய பூசணியையும் கலந்தார் என்று கதை. கழுத்துக்காரன் பெட்டியில் அடங்காது. ஹப்பர்டோ ஒரு குடும்பத்துக்கு மிகப் பெரிது, வெட்டக் கோடாலி வேண்டும். வந்த காயை எடுத்துக்கொண்டு வால்தம் பண்ணைக்குப் போனாராம். அதற்கு ஏன் பட்டர்நட் என்று பேர் வைத்தார் என்றால், வெண்ணெய்போல வழவழப்பு, கொட்டைப்பருப்புபோல இனிப்பு.

அழகான கதை. எனக்கு முழுதாக நம்ப முடியவில்லை. ஹப்பர்டு வேறு இனம், குக்குர்பிட்டா மேக்சிமா. கழுத்துக்காரனும் பட்டர்நட்டும் குக்குர்பிட்டா மோஸ்காட்டா. இந்த இரண்டும் லேசில் கலக்காது, கலந்தாலும் பிள்ளை பெரும்பாலும் மலடாகப் போகும். பாஸ்டன் விதைக் கம்பெனி ஒன்று 1930களிலேயே பட்டர்நட் என்ற பேரில் விதை விற்றதாகவும் சொல்கிறார்கள். கழுத்துக்காரனின் கொடியிலேயே ஏதோ ஒரு காய் தன்பாட்டில் நிமிர்ந்து வந்திருக்கும், கண்ணுள்ள யாரோ அதன் விதையை எடுத்து வைத்திருப்பார்கள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. லெகெட் அப்படிப்பட்ட கண் உள்ளவர் என்பதில் சந்தேகம் இல்லை. எந்தக் கொல்லையிலும் நல்ல விதை அப்படித்தான் வந்திருக்கிறது.

ஊர்ப் பொதுத்திடலைச் சுற்றி வந்தோம். அவர் பேரில் ஒரு பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை. பெரிய ஏமாற்றமாகவும் இல்லை. கத்தரிக்காய்க்கு யார் சிலை வைத்தார்கள்?

தோட்டக் கடை ஒன்றில் நிறுத்தினோம். மரப்பெட்டிகளில் பூசணிக் குடும்பமே கூடியிருந்தது. பச்சைக் கரடுமுரடாக ஹப்பர்டு, கரும்பச்சை வரிகளோடு ஏகார்ன், ஹாலோவீனுக்குக் கண் தோண்டக் காத்திருக்கும் ஆரஞ்சுகள். மாப்பிள்ளை ஒரு பட்டர்நட்டைத் தூக்கிக் காம்பைத் திருப்பிக் காட்டினார். ஐந்து பட்டை. காயோடு சேரும் இடத்தில் பாதம் விரித்த மாதிரி அகன்றிருந்தது. "பாருங்க அத்தை, நம்ம அரசாணிக்காயோட காம்பேதானுங்க." தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கி, அவர்கள் பக்கம் அரசாணி. அவர் சொன்னது சரி, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கோ 1, கோ 2 பூசணிகளும் இதே மோஸ்காட்டாதான். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நிலங்களில் பிறந்து, கப்பலேறி வந்து, வெள்ளைக்காரன் பேரையே சுமந்து நம் கொல்லையில் பரங்கியானது. பாஸ்டன் குளிரில் இது ஏன் மே கடைசிவரை முரண்டு பிடிக்கிறது என்பதற்கும் அதுதான் காரணம். அதற்கும் இது சொந்த ஊர் இல்லை, என்னைப்போல வெயிலைத் தேடுகிற ஜாதி.

ஆங்கிலத்தில் ஸ்குவாஷ் என்கிற சொல்லோ இந்த மண்ணின் சொல். பக்கத்து ரோடு ஐலண்டில் நாரகான்செட் பூர்வகுடிகள் அஸ்குடாஸ்குவாஷ் என்றார்கள். ரோஜர் வில்லியம்ஸ் 1643இல் அந்த மொழிக்கு எழுதிய புத்தகத்தில் அதைச் சேர்த்தார், வெள்ளைக்காரர்கள் வாயில் வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் விதைத்தவர்கள் அந்தக் குடிகள். சோளத் தட்டையில் அவரை ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும். பெரியவர் எனக்குக் கட்டச் சொன்ன மேடு எங்கிருந்து வந்தது என்பது கடை வாசலில்தான் உறைத்தது. இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்துக்கும் யாரோ சொல்லித்தான் தந்திருக்கிறார்கள்.

கடைக்காரப் பெண் பணத்தை வாங்கிக்கொண்டே, இன்று இரவு பள்ளமான இடங்களில் பனி பிடிக்கலாம், கொடியில் ஏதாவது இருந்தால் அறுத்துவிடுங்கள் என்றாள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் எங்களுக்கும் சொன்னாள். நான் ஆப்பிள் பையை மகள் கையில் திணித்தேன். "வீட்டுக்குப் போலாம்."

திரும்பி வரும் வழி எனக்கு ஞாபகம் இல்லை.

நாலரை மணிக்குக் கொல்லையில் நின்றோம். இலைகளில் சாம்பல் நோய் படர்ந்து, வெண்மாவு தூவிய மாதிரி இருந்தது. கொடி இனிமேல் எதையும் பழுக்க வைக்கப் போவதில்லை. ஒவ்வொரு காயாக நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை என்றால் முற்றியது. கழுத்தோரப் பச்சை வரி மறைந்திருக்க வேண்டும், காம்பு தக்கைபோல் காய்ந்திருக்க வேண்டும். ஒன்பதில் ஏழு தேறின. இரண்டு இன்னும் வரியோடு இருந்தன, அவை நாளைக்கே கூட்டு. காம்பில் இரண்டு விரற்கடை விட்டு அறுக்கச் சொன்னேன். மாப்பிள்ளை ஒன்றைக் காம்பைப் பிடித்துத் தூக்கப் போனார். "குழந்தையைக் குடுமியைப் பிடிச்சா தூக்குவாங்க?" காம்பு ஒடிந்தால் அந்த வழியாக அழுகல் உள்ளே போய்விடும்.

பெரியவர் வேலியருகே வந்து நின்றார். கழுவக் கூடாது, துடைத்தால் போதும். இரண்டு வாரம் வெதுவெதுப்பான இடத்தில், இருபத்தைந்து டிகிரிக்கு மேல், ஒன்றை ஒன்று தொடாமல் வைக்க வேண்டும். தோல் இறுகும், மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகும். பிறகு கீழ்த்தளத்து அறையில், பத்துப் பன்னிரண்டு டிகிரியில், பிப்ரவரிவரை தாங்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம் என்று மகளிடம் இரண்டு தடவை சொன்னார். அவருக்கு ஒரு காய் கொடுத்தேன். கழுத்தைத் தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, அப்புறம்தான் வாங்கிக்கொண்டார்.

மீதி ஆறையும் ஹீட்டர் ஓடும் என் அறை ஜன்னலோரம் பழைய போர்வையில் வரிசையாக வைத்தோம். பதினாலு நாள் அங்கே இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், அக்டோபர் 18. என் பெட்டியும் அந்த ஜன்னலோரத்தில்தான் பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. அதன் மேல், பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கி எடை பார்க்கிற கைத்தராசு. மாப்பிள்ளைக்குத் திடீரென்று தோன்றியிருக்க வேண்டும். மகளின் கைப்பை ஒன்றில் காயைப் போட்டு, கொக்கியில் மாட்டித் தூக்கினார்.

"ஒண்ணே கால் கிலோங்க அத்தை."

"பை எடையைக் கழிங்க மாப்பிள்ளை" என்றேன். மகள் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, சமையலறை நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்தது?"